இடுப்பை விட்டு இறங்கிய பிள்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றரை வயதில் தொடங்கி மூன்று வயதுக்குள் கடந்துவிடும் காலம் இது. பிள்ளை நடக்கிறது, பேசுகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பேரைச் சொல்லித் தேடுகிறது, ஒருநாள் நம்மைப் பார்த்தே "நீ போ" என்கிறது. மதுரையில் எங்கள் குடியிருப்பின் கீழே சாயங்காலம் கூடும் அம்மாக்களும், இரண்டொரு அப்பாக்களும், பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வரும் அப்பத்தாக்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இரண்டரை வயது மகளின் அம்மா. அதற்கு முன்னால் மழலையர் வகுப்பில் வேலை பார்த்தவள். பதில்களில் என் சாய்வு தெரியும், மறைக்கவில்லை.

மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. பார்க்கில் இறக்கிவிட்டால் திரும்பியே பார்க்காமல் ஓடுகிறாள். என்மேல் ஒட்டுதல் குறைந்துவிட்டதா?

குறையவில்லை. ஒட்டுதல் உறுதியாக இருப்பதால்தான் ஓடுகிறாள்.

மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1950களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து தாய்மாரையும் பிள்ளைகளையும் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்திலும் அதையே செய்தார். இரண்டு ஊரிலும் அவர் கண்டது இதுதான்: அம்மா இருக்கிறாள் என்ற நிச்சயம் உள்ள பிள்ளை துணிந்து தள்ளிப் போகிறது, புதிதாக எதையாவது தொட்டுப் பார்க்கிறது, பயந்தால் ஓடி வருகிறது, மடியில் கொஞ்சம் இருந்துவிட்டு மறுபடி கிளம்புகிறது.

லண்டன் பூங்காக்களில் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் இதையே வேறு விதமாகப் பார்த்து 1972இல் எழுதினார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைச் சுற்றி இந்த வயதுப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று கவனித்தார். சுமார் 200 அடிக்கு மேல் அவர்கள் போவது அபூர்வம். கயிறு எதுவும் கட்டவில்லை, யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் அந்த எல்லைக்குள்ளேயே சுற்றினார்கள். அதைவிட எனக்குப் பிடித்த இன்னொரு விஷயமும் அதில் உண்டு. அம்மா எழுந்து நடக்க ஆரம்பித்தால் இந்த வயதுப் பிள்ளைக்குப் பின்னாலேயே தொடர்ந்து வரத் தெரியாது. நின்றுவிடும், இல்லாவிட்டால் தூக்கச் சொல்லும். தெப்பக்குளத்தில் உட்கார்ந்திருந்தால் சுற்றிச் சுற்றி ஓடும் பிள்ளை, விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கக் கூட்டிப் போனால் பத்தடிக்கு ஒருமுறை "தூக்கு" என்று கையை உயர்த்துவதற்குக் காரணம் இதுதான். கால் வலியோ சோம்பலோ இல்லை. நீங்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் அவளுக்கு நிலையாக ஒரு இடம் இல்லாமல் போகிறது.

ஆகவே பார்க்கில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரே இடத்தில் உட்காருங்கள். திரும்பிப் பார்க்கவில்லை என்கிறீர்களே, நாளைக்கு உற்றுக் கவனியுங்கள். சறுக்குமரத்தின் முதல் படியில் கால் வைக்கும்போது, வேறொரு பிள்ளை கிட்டே வரும்போது, நாய் குரைக்கும்போது அரை நொடி பார்ப்பாள். அந்த நேரத்தில் உங்கள் முகம் போனுக்குள் இல்லாமல் இருந்தால் போதும்.

அப்படியென்றால் எனக்கு ஏன் தொண்டை அடைக்கிறது?

அது உங்களுடைய வருத்தம். அவளுடையது இல்லை. இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், தலை வாராமல், குளியலறைக் கதவைத் தாழ்போடாமல் இருந்து பழகியிருக்கிறீர்கள். உடம்பு முழுக்க ஒரு பிள்ளைக்காகவே இயங்கியது. இப்போது இடுப்பு காலியாகிறது, கை சும்மா இருக்கிறது. சந்தோஷமும் இருக்கிறது, ஏதோ பறிபோன மாதிரியும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில் தப்பே இல்லை.

தப்பு எங்கே வருகிறதென்றால், அந்த ஏக்கத்தைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைக்கும்போது. நம் வீடுகளில் இது விளையாட்டாகவே நடக்கும். "அம்மாவ மறந்துட்டியா?" "அம்மா அழறேன் பாரு." முந்தானையால் முகத்தை மூடிப் பொய்யாக விசும்பினால் பிள்ளை விளையாட்டைப் போட்டுவிட்டு ஓடி வரும், சுற்றி இருப்பவர்கள் "பாருங்க, எவ்வளவு பாசம்!" என்பார்கள். தள்ளிப் போனால் அம்மாவுக்கு வலிக்கும் என்ற பாடத்தைத்தான் பிள்ளை அதில் கற்றுக்கொள்கிறது. எனக்கு இந்த விளையாட்டு அறவே பிடிக்காது. அழ வேண்டுமென்றால் சமையலறையில் அழுங்கள், தோழியிடம் அழுங்கள், பிள்ளையின் அப்பாவிடம் அழுங்கள்.

இந்த ஏக்கம் நம் காலத்துத் தனிக்குடித்தனத்தில் வந்ததா? அந்தக் காலத்து அம்மாக்களுக்கு இருந்திருக்குமா?

பிள்ளைத்தமிழின் பருவ வரிசையைப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் வரைக்கும் பிள்ளை தொட்டிலிலும் மடியிலும் இருக்கிறது. தவழ்ந்து தலையாட்டுகிறது, தாலாட்டு கேட்கிறது, கை தட்டுகிறது. அடுத்தது வருகை. தளர்நடை போடும் பிள்ளையை "வா, வா" என்று கூப்பிடும் பருவம். கூப்பிட வேண்டிய தூரத்துக்குப் பிள்ளை போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு அடுத்தது அம்புலி. பிள்ளையோடு விளையாட வா என்று நிலாவை அழைப்பது. அம்மா மட்டும் போதவில்லை, கூட விளையாட ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் அதற்கப்புறம் சிற்றில். இப்போது பிள்ளை தெருவில் நிற்கிறது, சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்கப் பார்க்கிறது, அவர்கள் "அழிக்காதே" என்று கெஞ்சுகிறார்கள். பெண்பாலில் கடைசிப் பருவங்கள் தோழிகளோடு ஆடும் அம்மானை, நீராடல், ஊசல். பத்துப் பருவம் முடிவதற்குள் பாட்டிலிருந்து அம்மாவின் மடி மெல்ல மெல்ல நழுவிவிடுகிறது. இதை எழுதிய புலவர்கள் பெரும்பாலும் ஆண்கள், பாடியதோ சாமிப்பிள்ளைகளைப் பற்றி. ஆனாலும் அந்த வரிசையைப் போட்டவர்கள் எந்த வீட்டிலோ பிள்ளை வளர்வதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

எதற்கெடுத்தாலும் "நானே, நானே". செருப்பு போட அரை மணி நேரம் ஆகிறது. பொறுமை போகிறது. என்ன செய்ய?

நேரத்தை முன்னால் தள்ளுங்கள். வேறு வழி இல்லை.

ஒன்றரை வயதுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. பிள்ளைக்குத் தெரியாமல் மூக்கில் சிவப்பைத் தடவிவிட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தும் சோதனை ஒன்று உண்டு. சின்னக் குழந்தை கண்ணாடியைத் தொடும், இந்த வயது வந்த பிள்ளை தன் மூக்கைத் தொடும். வீட்டில் குங்குமத்தை வைத்துச் செய்து பார்க்கலாம், சிரிப்பாக இருக்கும். தான் என்று ஒரு ஆள் இருப்பது தெரிந்த பிறகு அந்த ஆளுக்கு வேலை வேண்டாமா? அதுதான் "நானே".

வார் வைத்துக் கட்டும் செருப்பை மூட்டை கட்டிவிட்டு ஒட்டும் பட்டை வைத்ததை வாங்குங்கள். பொத்தான் இல்லாத, இடுப்பில் எலாஸ்டிக் உள்ள கால்சட்டை. கை எட்டும் உயரத்தில் ஒரு ஆணியில் அவள் பை. வலது செருப்பை இடது காலில் போட்டுக்கொண்டு வந்தால் அப்படியே விடுங்கள், லிஃப்ட் வரைக்கும் போகட்டும். இரண்டு சட்டையைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள், அலமாரியைத் திறந்து காட்டாதீர்கள். ரோடு தாண்டுவது, கார் சீட் பெல்ட், மருந்து குடிப்பது, இதிலெல்லாம் தேர்வு கிடையாது. அங்கே கேள்வியாகக் கேட்காமல் நேராகச் சொல்லிவிடுங்கள். "மருந்து குடிக்கிறியா செல்லம்?" என்று கேட்டால் "மாட்டேன்" என்றுதான் பதில் வரும், வந்த பிறகு கோபப்பட்டுப் புண்ணியமில்லை.

ஒரு பாதுகாப்பு விஷயம். "நானே" வந்த வீட்டில் தாழ்ப்பாள் ஆபத்து. குளியலறைக்குள் போய் உள்ளே பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும் பிள்ளைகள் எல்லாக் குடியிருப்பிலும் உண்டு. கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கதவின் மேல் விளிம்பில் ஒரு துண்டைப் போட்டு வையுங்கள், கதவு முழுக்க மூடாது. தண்ணீர் பிடித்த வாளியை ராத்திரி அப்படியே விட்டு வைக்காதீர்கள். பால்கனியில் ஸ்டூல் வேண்டாம்.

வேலை செய்யும்போது காலைச் சுற்றி வந்து "நானும்" என்கிறது. விரட்டுவதா, விடுவதா?

விடுங்கள். இந்த வயதில் உதவி செய்ய ஆசை இயல்பாகவே இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் ஃபெலிக்ஸ் வார்னகென், மைக்கேல் டோமசெல்லோ என்ற இருவர் செய்த சோதனை 2006இல் வெளியானது. துணி காயப் போடுகிற ஆள் கிளிப்பைக் கீழே தவறவிட்டு எட்ட முடியாமல் தவிப்பது போல நடிப்பார். பார்த்துக்கொண்டிருக்கும் 18 மாதப் பிள்ளைகளில் பெரும்பாலோர், யாரும் கேட்காமலே, எதுவும் கொடுக்காமலே, எடுத்துக் கொடுத்தார்கள். அதே ஆள் வேண்டுமென்றே கிளிப்பைத் தூக்கிப் போட்டபோது எடுத்துக் கொடுப்பது குறைந்தது. தவறி விழுந்ததற்கும் போட்டதற்கும் வித்தியாசம் அந்த வயதிலேயே தெரிகிறது.

நம் மொட்டை மாடியில் இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கிளிப் டப்பாவை அவளிடம் கொடுங்கள். பூண்டு உரிக்கட்டும், கறிவேப்பிலை உருவட்டும், காய்ந்த துணியில் தன் ஜட்டியைப் பொறுக்கட்டும். வேலை இரட்டிப்பாகும் என்பது உண்மை. "போ, அங்கிட்டு போய் விளையாடு" என்று இப்போது விரட்டிவிட்டு எட்டு வயதில் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைப்பதில்லை என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தானே சாப்பிடுகிறேன் என்கிறாள். பாதி தரையில். இனி ஊட்டக் கூடாதா?

ஊட்டலாம். தானே சாப்பிடவும் விடலாம். இதில் ஏன் எல்லோரும் கட்சி பிரிகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. மத்தியானம் அவள் கையால், ராத்திரி உங்கள் கையால் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பழைய சேலையைக் கீழே விரியுங்கள். பருப்பு சாதத்தைக் கெட்டியாகப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக வையுங்கள், ரசம் சாதம் கடைசியில். இட்லியும் புட்டும் கைக்கு அடங்கும்.

தானே வாயில் போடத் தெரிந்த பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கும் ஆபத்து அதிகம். முழுக் கடலை, பட்டாணி, முழுத் திராட்சை, பாப்கார்ன் ஆகியவை நாலு வயது வரைக்கும் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அப்பத்தாவுக்கு என்று ஊட்டி, நண்டூருது நரியூருது என்று கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு நினைவிருக்கும். இத்தனை நாள் நாம் அவள் கையில் கடைந்தோம். ஒருநாள் அவள் நம் கையை இழுத்து விரித்து வைத்துக் கடைய ஆரம்பிப்பாள். என் மகள் எங்கள் வீட்டு வாட்ச்மேன் தாத்தா கையில் கடைந்து, அவருடைய விரலுக்கெல்லாம் எங்கள் வீட்டு ஆள்களின் பேரை வைத்தாள். அவர் கூச்சத்தில் நெளிந்தது தனிக் கதை.

மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு விளையாடுகிறான். பொம்மையையும் கொடுக்க மாட்டான். சுயநலமா?

இரண்டு வயதில் விளையாட்டு அப்படித்தான் இருக்கும். மில்ட்ரெட் பார்டன் 1932இல் பிள்ளைகளின் விளையாட்டை வகை பிரித்தபோது இதற்கும் ஒரு படி வைத்தார். தனியாக விளையாடுவது, மற்றவர்களை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அதே போன்ற விளையாட்டைத் தனித்தனியாக ஆடுவது, பிறகு கொஞ்சம் கொடுக்கல் வாங்கல், கடைசியாகத்தான் கூடி ஆடுவது. இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்காமல் மண்ணை அள்ளிக்கொண்டிருப்பது போலத் தெரியும். ஒருவன் எழுந்து போனதும் இன்னொருவன் எழுந்து போவதைக் கவனியுங்கள். கூட்டு இருக்கிறது, பேச்சுதான் இல்லை.

பொம்மையைப் பிடுங்கி அடுத்த பிள்ளையிடம் கொடுத்து "நல்ல பையன்ல, குடு" என்பதை நிறுத்துங்கள். பெரியவர் பலம் இருந்தால் பிடுங்கலாம் என்றுதான் அதில் தெரிந்துகொள்வான். "அவன் விளையாடிட்டுத் தருவான்" என்று காத்திருக்கும் பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். விருந்தாளிப் பிள்ளை வரும்முன் அவனுக்கு மிகவும் பிடித்த ஒன்றிரண்டை அலமாரியில் எடுத்து வைத்துவிடலாம். நம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நாம்கூட எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை.

என் பிள்ளை இதற்கு நேர் எதிர். கூட்டத்தைக் கண்டால் தோளில் முகத்தைப் புதைக்கிறான்.

சில பிள்ளைகள் சுபாவத்திலேயே மெதுவாகப் பழகும். கல்யாண வீட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விடுங்கள், கூட்டம் அவன் கண் முன்னால் சேரட்டும். நிறைந்த மண்டபத்தில் நுழைவதைவிட அது எளிது. "இவன் ரொம்பக் கூச்சம்" என்று அவன் காது கேட்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

"மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்கிறார்கள். இவள் மறுக்கிறாள். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளட்டும். மேலே சொன்ன முத்தப் பருவத்தில்கூடப் பிள்ளையிடம் முத்தத்தை யாசிக்கத்தான் செய்கிறார்கள், பிடித்து வைத்து வாங்குவதில்லை. வணக்கம், கைதட்டல், பறக்கும் முத்தம், எது அவளுக்கு முடிகிறதோ அது. "இவளை யாரும் தூக்கக் கூடாதாக்கும்" என்று முணுமுணுக்கும் பெரியப்பாவிடம் "பழகினதும் அவளே வருவா பெரியப்பா" என்று சொல்லிவிட்டுக் காபி கொடுங்கள்.

வேலைக்குக் கிளம்பும்போது அழுகிறான். வேடிக்கை காட்டி, கவனிக்காத நேரம் பார்த்து நைசாகப் போய்விடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படித்தால் இதைப் படியுங்கள்.

நைசாகப் போனால் உங்கள் காதுக்கு அழுகை கேட்காது, அவ்வளவுதான். பிள்ளை கொஞ்ச நேரத்தில் தேடும், கிடைக்காது. எந்த நேரமும் அம்மா மறைந்துவிடலாம் என்று தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்த நாள் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டும். அதன் பிறகு "ரொம்ப ஒட்டிக்கிறான்" என்று அவன்மேலேயே குறை சொல்வோம்.

சொல்லிவிட்டுப் போங்கள். சுருக்கமாக. "அம்மா ஆபீஸ் போறேன். நீ தூங்கி எந்திரிச்சு பால் குடிச்சதும் வந்துடுவேன்." ஐந்து மணி என்றால் அவனுக்குத் தெரியாது, பால் குடிப்பது தெரியும். சொன்ன நேரத்தில் வாருங்கள். ஒரு முத்தம், ஒரு டாட்டா, கதவு. மறுபடி திரும்பி வந்து கண்ணீரைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை கிளம்புவது அழுகையை நீட்டிக்கும். பிரிவு பயம் ஏறத்தாழ பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரைக்கும் உச்சத்தில் இருந்து பிறகு தணியும். காய்ச்சல், ஊர் மாற்றம், தம்பி தங்கை பிறப்பு என்று எதுவும் வந்தால் மறுபடி தலைகாட்டும்.

பார்த்துக்கொள்ளும் ஆளிடம் ஒன்று சொல்லி வையுங்கள். "அழுதா அம்மா வரமாட்டா", "பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போயிருவான்" இரண்டும் அந்த வீட்டில் கூடாது.

வேலை பார்க்கும் அம்மாக்களுக்கு ஒரு தகவல். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த விதிப்படி 50 அல்லது அதற்கு மேல் பணியாளர்கள் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். அம்மா ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்ப் பார்க்க அனுமதி உண்டு. பல பேருக்கு இப்படியொரு உரிமை இருப்பதே தெரியாது.

விஜயதசமிக்குப் ப்ளே ஸ்கூலில் சேர்த்தோம். எல்லாப் பிள்ளையும் அழுதது, என் மகள் அழவே இல்லை. "டாட்டா" சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் நின்று நான் அழுதேன். இது என்ன வகை?

எனக்குத் தெரிந்து மிகச் சாதாரண வகை. வகுப்பில் இருந்த காலத்தில் வாசல் கேட்டுக்கு வெளியே நின்ற முகங்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். அழும் பிள்ளையின் அம்மாக்கள் பதற்றமாக இருப்பார்கள். அழாத பிள்ளையின் அம்மாக்களிடம் வேறொரு முகம், அவமானப்பட்டது போலக்கூட இருக்கும். "என்னைத் தேடவே இல்லையா மிஸ்?" என்று மத்தியானம் கேட்பார்கள். தேடினாள் என்று சொன்னால் ஒரு நிம்மதி வரும் அந்த முகத்தில். நானும் சில பேரிடம் "ஒரு தடவை அம்மான்னு சொன்னா" என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். பொய்தான்.

அழாததால் ஒட்டுதல் இல்லை என்றாகாது, அழுவதால் பிள்ளை பலவீனம் என்றும் ஆகாது. முதல் நாள் அழாத பிள்ளை இரண்டாவது வாரம் அழுவதும் உண்டு. முதலில் புதுமை, பிறகுதான் இது தினமும் நடக்கப் போகிறது என்று உறைக்கிறது. அப்போது "இத்தனை நாள் நல்லாத்தானே போனே" என்று திட்டாதீர்கள்.

சாயங்காலம் வேறொரு காட்சி. அங்கே சமர்த்தாக இருந்த பிள்ளை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சின்னக் காரணத்துக்குப் புரண்டு அழும். நாள் முழுக்க அடக்கி வைத்தது உங்களிடம்தான் அவிழ்கிறது. அந்த அரை மணி நேரத்தில் கேள்வி வேண்டாம், "இன்னிக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க, ரைம்ஸ் சொல்லு" வேண்டாம். தண்ணீர், ஏதாவது சாப்பாடு, மடி. தூக்கம் போதுகிறதா என்றும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கின்படி ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். அதே வழிகாட்டுதலில் ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்று இருக்கிறது. இதை எல்லா வீட்டிலும் எல்லா நாளும் கடைப்பிடிக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கும் படுக்கைக்கும் போனைக் கொண்டு வராமல் இருப்பதே நல்ல தொடக்கம்.

பால் மறக்கடிக்க வேண்டும். வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.

வர வேண்டாம். இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நிறுத்த நினைத்தால் ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். முதலில் பகல் வேளை, கடைசியாகத் தூங்கும் வேளை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில நாள் விட்டால் மார்பும் கட்டிக்கொள்ளாது. அந்த நேரத்தில் அப்பாவோ அம்மாச்சியோ தட்டித் தூங்க வைக்கட்டும். கசப்பைத் தடவினால் ஒரே நாளில் நிற்கலாம். ஆறுதலுக்கு ஓடி வரும் இடம் திடீரென்று கசந்தால் பிள்ளைக்கு அதன் காரணம் எங்கே புரியப் போகிறது?

நிறுத்தியதும் உங்களுக்கு ஒரு சோர்வும் அழுகையும் வரலாம். ஹார்மோன் மாற்றமும் அதில் உண்டு, இனி இந்த வேலைக்கு நான் வேண்டாம் என்ற நினைப்பும் உண்டு. சில வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், "எல்லாம் சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

ராத்திரி என்னை விட்டுவிட்டு அப்பத்தாவிடம் படுக்கப் போகிறான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பொறாமையாக இருக்கிறது.

இருக்கும். மாமியார் என்றால் கொஞ்சம் கூடவே இருக்கும். பிள்ளைக்கு ஒட்டுதல் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. அப்பா, தாத்தா, அப்பத்தா, சித்தி என்று நான்கைந்து பேரோடு அது உறுதியாக அமையலாம், ஒன்று கூடினால் இன்னொன்று குறையும் என்ற கணக்கு அதில் கிடையாது. அவன் அங்கே போகிற ராத்திரிகளில் தூங்குங்கள். நன்றாகத் தூங்குங்கள்.

"அண்ணி வேணும்" என்று தண்ணி கேட்டவள், போன வாரத்திலிருந்து சரியாகத் "தண்ணி" என்கிறாள். எனக்கு ஏன் சந்தோஷமாக இல்லை?

எங்கள் வீட்டில் அந்தச் சொல் பிஸ்கட். அவள் அதை எப்படிச் சொன்னாள் என்று சொல்ல மாட்டேன், வீட்டோடு இருக்கட்டும். மழலையைத் திருத்தவும் வேண்டாம், நாமும் அதே மழலையில் திரும்பப் பேசிப் பிடித்து வைக்கவும் வேண்டாம். ஒலியைப் பதிந்து வையுங்கள். படம் எல்லோரும் எடுக்கிறோம், குரலைப் பதிவது குறைவு. ஊர் முழுக்க அனுப்பாதீர்கள், அது அவளுடைய குரல்.

தனியாக விளையாடுவது எல்லாமே சரிதான் என்று விட்டுவிடலாமா? எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

விட்டுவிடக் கூடாது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் போங்கள்: ஒரு வயது கடந்தும் விரலால் சுட்டிக் காட்டுவதில்லை, டாட்டா காட்டுவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" போலச் சொந்தமாக இரண்டு சொல்லைச் சேர்ப்பதில்லை. இருந்த பேச்சோ பழக்கமோ எந்த வயதிலாவது காணாமல் போகிறது.

"ஆம்பளப் பிள்ளைக பேச லேட்டாகும்", "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்ற பேச்சை நம்பிக் கழிந்த மாதங்கள் திரும்ப வராது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிகளுக்கே மருத்துவக் குழு வந்து இந்த வயதுப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது, தேவைப்பட்டால் மாவட்ட அளவில் உள்ள ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புகிறார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒரு நாள் பஸ் செலவோடு போயிற்று.

அப்பாக்களுக்கு இதெல்லாம் தோன்றுமா?

தோன்றும். வெளியே சொல்ல இடம் கிடைப்பதில்லை. ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு வந்த பிள்ளை பின்சீட்டில் உட்காருகிறேன் என்று அடம்பிடித்த அன்று எங்கள் வீட்டுக்காரர் பேசாமலேயே சாப்பிட்டார். கேட்டால் "வெயிட் கூடிட்டா" என்றார்.

கோயிலில் பார்த்த பெரியம்மா சொல்கிறார், "இன்னொன்னு பெத்துக்கோ, இந்த ஏக்கமெல்லாம் போயிரும்" என்று. போகுமா?

கை நிறைய வேலை வரும். ஏக்கத்தைப் போக்க என்று ஒரு பிள்ளையை வரவழைத்தால் அந்தப் பிள்ளை பாவம், நடக்க ஆரம்பித்ததுமே அதன்மேல் வருத்தப்படுவோம். வேறு நல்ல காரணங்களுக்காக வேண்டுமென்றால் ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவில் குறைந்தது 24 மாதம் இடைவெளி இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் உடம்பையும், வேலையையும், வீட்டுக்காரரையும் கேட்டு முடிவு செய்யுங்கள். பெரியம்மாவிடம் பிரசாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.